காடு நோக்கி அமர்ந்த கல்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கருங்கல் துண்டு என் மேசைமேல் கிடக்கிறது. ஒரு பக்கம் உடைந்த கரடு. மறுபக்கம் நீளவாக்கில் ஓர் அரைவட்டப் பள்ளம். மலையிலிருந்து கல்லைப் பிளந்தெடுக்க வரிசையாகத் துளையிடுவார்களே, அந்தத் துளைகளில் ஒன்றன் பாதி அது. இன்று காலை, காற்றில் பறக்கப் பார்த்த அழைப்பிதழின்மேல் வைப்பதற்காக அதை எடுத்தேன். கட்டைவிரல் தானாகவே பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. விடிய விடியப் பெய்த மழையின் ஈரம் கல்லில் ஏறியிருந்தது போலும். உன் பட்டறையின் மணம் எழுந்தது. நீர் தெளித்த கருங்கல் தூளின் மணம். அதற்குமேல் அழைப்பிதழை என்னால் படிக்க இயலவில்லை. உனக்கு எழுத அமர்ந்துவிட்டேன், தோழி.

நாளை ஒரு கலைமன்றத்தில் நான் பேச வேண்டும். 'இக்கால ஓவியரும் சிற்பியரும்: வாழ்வும் படைப்பும்' என்பது தலைப்பு. பெருங்கலைஞர் பலரின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, அந்த வரிசையின் கடைசியில் உன் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். நீ இருந்தால் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்து, "பின்பக்கம் காலியாத்தான் இருக்குது, ஏதாச்சும் வரையலாம்" என்றிருப்பாய். பெயர்கள்மேல் உனக்கு என்றைக்குமே பற்று இருந்ததில்லை.

அந்தப் பெரியவர்களை நீ ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எல்லாரையும் உறவு வைத்தே அழைப்பாய். ஏழை உழவன் மகனாகப் பிறந்து, பாரீசு நகரத்துக்குப் பெரும்பகுதி வழியை நடந்தே சென்று, அங்கே தலைசிறந்த சிற்பியின் பட்டறையில் இடம் கிடைத்தும் சில வாரங்களிலேயே வெளியேறியவர் உனக்குப் 'பறவைத் தாத்தா'. வெண்கலத்துக்குக் கையில் காசில்லாமல் சிமிட்டியையும் செம்மண் சரளையையும் குழைத்து, வங்கத்து மரத்தடியில் ஓர் உழைக்கும் குடும்பத்தை நடக்கவிட்டவர் உனக்குச் 'சிமிட்டி அண்ணன்'. தன் தாயை நினைத்து வீட்டளவு உயரத்தில் சிலந்திகளைச் செய்தவர், முதுமை வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தவர், உனக்குச் 'சிலந்திப் பாட்டி'. தேநீர்க்கடையில் நீ அவர்களைப் பற்றிப் பேசும்போது, பக்கத்து இருக்கைக்காரர் அவர்களெல்லாம் உன் ஊரான தேன்கனிக்கோட்டையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்றே எண்ணிக்கொள்வார்.

"பேரு எதுக்கு உனக்கு? பேரு சொன்னா மேடையில ஏத்திடுவ. ஏத்திட்டா அப்புறம் அவங்கள இறக்கவே மாட்ட" என்று என்னை வாரிவிடுவாய்.

நாம் முதன்முதலாகக் கண்டதும் ஒரு மேடையில்தானே. கணவரின் வேலையை ஒட்டித் தெற்கிலிருந்து ஓசூருக்கு வந்து சேர்ந்த எனக்கு, இந்த ஊரில் என்னுடையது என்று சொல்ல என் தமிழைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. கன்னடமும் தெலுங்கும் கலந்து ஓடிய தெருவில் நான் தூய தமிழில் காய்கறி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் ஆலை வாயிலில், வேலையிழந்த தொழிலாளர் கூட்டத்தில், அதே தமிழை ஒலிவாங்கியின் முன் உரக்கச் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. அன்று என் குரல் எரிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. இறங்கி வந்தவளை ஆளாளுக்குச் சூழ்ந்து பாராட்டினார்கள். நீ மட்டும் மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாய். அப்போது அந்த ஆலையிலேயே வார்ப்பச்சுகளுக்கு வரைபடம் வரையும் பிரிவில் வேலை பார்த்தாய். கையில் ஓர் அட்டைத் தாள். அதில் என் முதுகு.

வியர்வையில் நனைந்த இரவிக்கை, காற்றில் பிரிந்த பின்னல், இடக்கையில் கசங்கிய முந்தானை முனை, தரையிலிருந்து சற்றே தூக்கிய வலக்குதிகால். உலகம் காணாத என்னை நீ வரைந்திருந்தாய்.

"அக்கா, முன்னாடி நின்னு கேட்டவங்க நெருப்புன்னாங்க. பின்னாடி நின்ன எனக்கு உன் வலது காலு நடுங்கினது தெரிஞ்சுது" என்றாய்.

எனக்குச் சினம் பொங்கியது. "நடுக்கமா? அஃது எழுச்சி!" என்றேன்.

"சரி, எழுச்சிதான். ஆனா குதிகாலு கீழ பட்டா இன்னும் நல்லா பேசுவ" என்று சொல்லி, தாளை என் கையில் திணித்துவிட்டு, பணி முடிந்தவர்களை ஏற்றிச்செல்லும் ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடினாய். அடுத்த கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் குதிகாலைத் தேடிக் கீழே அழுத்தினேன். கூட்டத்துக்குப் பின்னால் உன்னைத் தேடிக் கண்டுபிடித்தேன். 'அக்கா' என்ற விளி சில மாதங்களில் 'மைக்கு' ஆயிற்று. ஒலிவாங்கி என்று சொல்லும்படி எத்தனையோ முறை உன்னைத் திருத்தினேன். "ஒலிவாங்கின்னா அது எல்லாத்தையும் வாங்கிக்கும். நீ வாங்கறதில்லமே, குடுத்துக்கினே இருக்க. நீ மைக்குதான்" என்று தீர்ப்பளித்துவிட்டாய்.

நீ வேலையை விட்டு, குந்தாரப்பள்ளிக்கு அப்பால் நெடுஞ்சாலையோரக் கல்மெருகு ஆலையொன்றின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்த நாளும் நினைவிருக்கிறது. ஏற்றுமதிக்கு ஆகாதென்று ஒதுக்கிய கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. ஓடிய கீற்று, மாறிய நிறம், உட்பிளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. நீ ஒவ்வொரு கல்லிலும் ஒரு செம்பு நீரை ஊற்றி, அது எங்கே சீக்கிரம் காய்கிறது, எங்கே ஈரம் தங்குகிறது என்று குந்தியிருந்து பார்ப்பாய். ஈரம் தங்கும் கோட்டில்தான் பிளவு ஓடுகிறது என்பாய். பிளவை ஒதுக்கமாட்டாய், அதை வைத்தே உருவத்தைத் தொடங்குவாய். எந்தக் கல்லிலும் ஒரு பக்கத்தை உளி தொடாமல், மலையிலிருந்து பிளந்த துளைத்தடங்களோடு அப்படியே விட்டுவிடுவாய். "அது மலையோட கையெழுத்து. அதுக்குப் பக்கத்துல நான் வேற எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

வாரச்சந்தை நாளில் உன்னைக் கொட்டகையில் காண முடியாது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடுகளின் பின்னால் நின்று வரைந்துகொண்டிருப்பாய். விலை பேசும் மனிதர்களின் முதுகுகளையும். துண்டுக்குக் கீழே இரு கைகள் விரலால் விலை பேசிக்கொள்ளும்போது, விற்பவனின் முகம் கல்லாக இருந்தாலும் அவன் தோள்பட்டை சற்றே இறங்கிவிடுவதை எனக்குச் சுட்டிக்காட்டினாய். "மூஞ்சி நடிக்கும்மே. முதுகுக்கு நடிக்கத் தெரியாது."

எல்லைச் சோதனைச் சாவடியில் நாம் மாட்டிக்கொண்ட பகலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெங்களூரில் உன் முதல் பெருங்காட்சி. ஆளுயரக் கல்லொன்றைச் சரக்குந்தில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நாம் இருவரும் நெருக்கிக்கொண்டு போனோம். அலுவலர் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"கல்லுக்குப் பர்மிட் எங்கம்மா?"

"இது சிலைங்க சார்" என்றாய் நீ.

அவர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தலை எங்க, கை எங்க? கல்லாத்தான் இருக்குது."

அங்கேதான் நான் இறங்கினேன். சரக்குந்தின் படியில் ஏறி நின்றேன். கலை என்பது யாது என்று தொடங்கினேன். பின்னால் நின்ற வண்டிகளின் ஓட்டுநரெல்லாம் இறங்கி வந்து கேட்டார்கள். "இது கல்லன்று, ஐயா! இஃது உறைந்து நிற்கும் காலம்!" என்று முடித்தேன். கைதட்டல்கூட எழுந்தது.

அலுவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகச் சொன்னார்: "காலமா இருந்தாலும் பர்மிட் வேணும்மா. ஓரமா நிறுத்துங்க."

அந்த ஓரத்து நிழலில், அரை நாள் காத்துக் கிடக்கையில்தான், பறவைத் தாத்தாவின் கதையை எனக்குச் சொன்னாய். இறகுமில்லாமல் அலகுமில்லாமல், பறத்தலை மட்டும் வெண்கலத்தில் இழைத்து அவர் அமெரிக்காவுக்கு அனுப்பினாராம். அங்கே துறைமுகத்தில் அதைச் சிற்பமென்று ஏற்காமல், சமையலறைத் தட்டுமுட்டோடு சேர்த்து வரி கேட்டார்களாம். வழக்காடு மன்றம் வரை போய்த்தான் அது சிற்பமென்று தீர்ந்ததாம். "தாத்தாவுக்கே இந்தக் கதிதான்மே. நமக்கு இந்த அண்ணன் டீயாச்சும் வாங்கிக் குடுத்தாரு" என்று சிரித்தாய். மாலையில் வேறோர் அலுவலர் பணிக்கு வந்தார். "என்னாம்மா இது?" என்றார். நீ சற்றும் தயங்காமல், "பீமன் ஊட்டு அம்மிங்க சார்" என்றாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். காட்சி மன்றத்தின் அழைப்புத்தாளைப் படித்துப் பார்த்தார். "போங்க, அவங்க ஊட்ல மாவு அரைக்கணும் பாரு" என்று விட்டுவிட்டார்.

அந்தக் காட்சிக்குப் பிறகு பெங்களூர் உன்னைக் கண்டுகொண்டது. தில்லியும் கண்டுகொண்டது. சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இளஞ்சிற்பியர் உன் கொட்டகைக்கு வந்தார்கள். உளி படாத பக்கம் ஒன்றை விட்டுவைப்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று. ஆனால் நீ எதற்காக ஏங்கினாய் என்பது எனக்குத் தெரியும். நீ பிறந்த தேன்கனிக்கோட்டைச் சீமையில், காட்டோரச் சிற்றூர்களில், ஒருவரும் உன்னிடம் ஒரு கல் கேட்டதில்லை. எருமையோடும் புலியோடும் பொருது மாண்டவர்க்கெல்லாம் முன்னோர் நடுகல் நிறுத்திய மண் அது. வயலுக்கு வயல் பழங்கல் நிற்கும். அந்த மண்ணில் உன் கல் ஒன்றுகூட இல்லை. "ஊரான் ஊட்டு ஹால்ல நிக்குது என் கல்லு. என் ஊரு மண்ணுல மழை வாங்கணும்மே ஒண்ணாச்சும்" என்று ஒருமுறை சொன்னாய். ஒருமுறைதான் சொன்னாய். அது போதும் எனக்கு.

அதனால்தான் சென்னப்பன் வந்த அன்று நான் துள்ளினேன். அவருடைய அண்ணன் திம்மராயன், காட்டோரம் கேழ்வரகு விதைத்த உழவர், ஒரு விடியற்காலையில் வயலில் யானையால் மாண்டிருந்தார். வயலோரத்தில் அவருக்கு ஒரு கல் நிறுத்த வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார் தம்பி. "பழைய கல்லுல இருக்குற மாதிரி, கையில ஈட்டி வெச்சிக்கினு, யானைய எதுத்து நிக்கிற மாதிரி செய்யிம்மா" என்றார். என் நெஞ்சில் அப்போதே உரை உருண்டது. வேழத்தோடு பொருது வீழ்ந்த மறவன்! நம் காலத்து நடுகல்! கல் நிறுத்தும் நாளில் நானே பேசுவேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நீயோ, அந்த ஊருக்குப் போனாய். மறுபடி மறுபடி போனாய். ஒருமுறை நானும் உடன் வந்தேன். திம்மராயனின் மனைவி மாதம்மா கணவரின் படத்தை எடுத்துவந்து நீட்டினார். நீ அதைக் கையில் வாங்கவே இல்லை.

"அவரு எங்கக்கா உக்காருவாரு?" என்று மட்டும் கேட்டாய்.

மாதம்மா வயலின் மேட்டில் ஒரு பாறையைக் காட்டினார். "கதிரு முத்துனா அங்கதான். காட்டப் பார்த்துக்கினு உக்காந்திருப்பாரு. நான் களி எடுத்துக்கினு போனா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. வெச்சிட்டுப் போன்னுவாரு."

"சண்டை போட்டாராக்கா?"

"யாருகூட? யானைகூடவா? அந்தாளு ஊட்டுப் பூனைகூடவே சண்டை போடமாட்டாரும்மா. உக்காந்திருந்தாரு. அவ்ளோதான்."

திரும்பும் வழியில் நான் உன்னிடம் வாதாடினேன். மக்கள் கேட்பது மறவனை. நீ கொடுப்பது யாரை? நீ சன்னலோரம் காடு பின்னோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "செத்தவன கூப்பிட்டு சண்டைக்கு அனுப்பச் சொல்றியா?" என்றாய்.  

கல் நிறுத்திய நாளில் வயல் அறுத்துக் காய்ந்து கிடந்தது. இழுவை வண்டியிலிருந்து கல்லை இறக்கி, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் குழியில் நட்டார்கள். அடிப்பகுதி குழியில் சரியாக உட்காராததால், நீ ஒரு விளிம்பைத் தட்டி உடைத்தாய். அந்தச் சில்லுதான் இப்போது என் மேசையில் இருப்பது. பிறகு சாக்கை உருவினாய்.

ஊர் பார்த்தது. ஊர்ப் பாதையிலிருந்து வருபவர்க்குத் தெரிவது ஒரு முதுகு. தலையில் சுற்றிய துண்டு, குனிந்த பிடரி, வெயிலில் உழைத்த தோள்பட்டைகள், கல்லின் உட்பிளவு அப்படியே தண்டுவடமாக இறங்குகிறது, இடக்கை பக்கத்தில் ஊன்றியிருக்கிறது. அமர்ந்திருக்கிறான் ஒருவன். மறுபக்கம், காட்டைப் பார்த்த பக்கம், உளி படாத வெறும் மலை. மேலிருந்து கீழே துளைத்தடங்கள்.

சென்னப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாம்மே இது? ஈட்டி எங்க? ஆளே திரும்பிக்கினு இருக்கான்?"

"அண்ணன் உம்மேல கோவிச்சிக்கினாரு போலடா" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பூசாரி மஞ்சள் கிண்ணத்தோடு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கண்ணு தொறக்கணும்மா. கண்ணு எங்க வெச்சிருக்க? மூஞ்சியே இல்லாம நான் யாருக்குப் படையல் போடறது? முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச வந்தவள் நான்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். உலகம் போற்றும் சிற்பியர் எவ்வாறு உருவைக் குறைத்துக் குறைத்து உயிரைத் தொட்டனர் என்று... மூன்றாவது தொடரில் உன் கை என் முழங்கையைப் பற்றியது.

"சும்னிரும்மே" என்றாய். சும்மா இரு என்று கன்னடத்தில் சொன்னால்தான் நான் கேட்பேன் என்பது உன் நம்பிக்கை. உன் கை சில்லிட்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அன்று நடுங்கியது நீ.

மாதம்மா தலையில் படையல் தட்டோடு வந்துகொண்டிருந்தார். முதுகைப் பார்த்தார். விரைந்து மறுபக்கம் போனார். வெறுங்கல்லைத் தடவினார், துளைத்தடங்களில் விரலை ஓட்டினார், எதையோ தேடுபவர்போல. பிறகு உன்னைப் பார்த்துக் கத்தினார்.

"என் புருசன் மூஞ்சி எங்க? படம் குடுத்தா வாங்கமாட்டேன்ன. இதுக்குத்தானா? எனக்கு வேணாம் இந்தக் கல்லு. எடுத்துக்கினு போயிடு!"

நீ அவருக்கு ஒரு சொல் விளக்கம் சொல்லவில்லை. சிமிட்டி அண்ணனையோ பறவைத் தாத்தாவையோ துணைக்கு அழைக்கவில்லை. "சரிக்கா. எடுத்துக்கறேன். வண்டி வர்ற வரைக்கும் நிக்கட்டும்" என்றாய். இழுவை வண்டி வேறொரு நடைக்குப் போயிருந்தது. சென்னப்பன் வண்டிக்காரரைக் கைப்பேசியில் அழைத்துத் திரும்பி வரச் சொன்னார். கூட்டம் புளியமர நிழலுக்குக் கலைந்தது. நீயும் நானும் வரப்பில் அமர்ந்தோம். உன் ஊர் மண் உன்னிடம் கேட்ட முதல் கல்லை, அதே மண் திருப்பி அனுப்பக் காத்திருந்தது. ஆறுதலாக ஏதேனும் சொல்ல என் நா துடித்தது. சொல்லாமலிருந்தேன்.

வெயில் ஏறியது. மாதம்மாவின் கையில் தட்டு அப்படியே இருந்தது. களி, கீரைக் கடைசல், மேலே மூடிய வாழையிலை. வீட்டிலிருந்து எடுத்துவந்த படையலைப் படைக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் அங்கே இல்லை. எங்காவது வைத்தாக வேண்டும். காட்டுப் பக்கம் நின்றவர் ஊர்ப் பக்கம் சுற்றி வந்தார். பாதையில் இரண்டடி பின்வாங்கி நின்றார். நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ அறுவடைக் காலங்களில் களி எடுத்து வந்த அதே பாதை. அதே மேடு. அதே முதுகு.

அவர் நடை மாறிவிட்டது, தோழி. நீயும் பார்த்தாய். கால்களுக்கு வழி தெரிந்துவிட்டதுபோல நடந்துபோய், குனிந்து, கல்லின் ஊன்றிய இடக்கைக்குப் பக்கத்தில் தட்டை வைத்தார். இலையை விலக்கினார்.

"ஆறிப்போவுது. கை கழுவிக்கினு சாப்புடு" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படியே தரையில் அமர்ந்தார். கல்லின் ஊன்றிய கைமேல் கை வைத்தார். தன் மடியில் முகம் புதைத்து அழுதார்.  நெடுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்: "சென்னப்பா, வண்டி வந்தா திருப்பி அனுப்பிடு."

பூசாரி வந்தார். மஞ்சளைப் பிடரியில் பூசினார். "முதுகுக்குப் பூசை போட்ட மொத ஆளு நான்தான். என்னா சொல்லுவானுங்களோ அடுத்த ஊர்ல" என்று முணுமுணுத்தார். கண் திறப்பு நடக்கவில்லை. அதைப் பற்றி எவரும் மறுபடி கேட்கவும் இல்லை.

ஓசூருக்குப் பேருந்தில் திரும்பினோம். ஆலைகளின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "வரப்புல உக்காந்திருந்தப்ப ஒண்ணுமே பேசல பாரு நீ. அதாம்மே உன் நல்ல பேச்சு." அந்தச் சில்லை என் கையில் வைத்தாய். "மேடையில புடிச்சிக்க. கட்டைவிரலுக்குச் சரியா இருக்கும்."

அதன்பின் எத்தனை முதுகுகள் செதுக்கப்பட்டன இந்நாட்டில்! உன்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அந்த ஊருக்கும் போய்ப் பார்த்தார்கள். காட்சிக்குக் காட்சி முதுகு காட்டி அமர்ந்தார்கள் கல்மனிதர்கள். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்: "எல்லாம் முதுகா செய்யிறானுங்க. இனிமே நான் மூஞ்சி செஞ்சாத்தான் ஆவும்."

செய்யத்தான் நேரம் இருக்கவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாய். ஆனாலும் கல்தூள் உன் நெஞ்சில் குடியேறிவிட்டது. சுத்தியலைத் தூக்க முடியாமல் படுக்கையில் விழுந்தபோது, ஆலைகளிலிருந்து வரும் பொதியட்டைகளைக் கேட்டு வாங்கி, கத்தரியால் உருவங்களை வெட்டினாய். நோயில் படுத்த நிலையிலும் வண்ணத்தாள்களைக் கத்தரித்துச் சுவரையே தோட்டமாக்கிய ஓவியர் ஒருவரைக் 'கத்தரிப் பெரியப்பா' என்று எனக்கு அறிமுகம் செய்ததும் அப்போதுதான். மூச்சு வாங்க வாங்கச் சொல்வாய்: "பெரியப்பா பாரு, உளி போனா கத்தரி. கத்தரியும் போனா?"  "கத்தரியும் போனா பாத்துக்கினு இருக்கலாம்மே. பாக்கறதும் வேலைதான்" என்று நீயே சொன்னாய். கடைசி நாள்களில் மருத்துவமனைச் சன்னல் வழியே, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படிப் பார்த்தபடியேதான் போனாய்.

அழைப்பிதழ் வந்ததும் சென்ற வாரம் அந்த ஊருக்குப் போனேன். என்ன பேசுவது என்று உன் கல்லிடமே கேட்டுவிட எண்ணம். கதிர் முற்றியிருந்தது. மாதம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது, நடை மாறவில்லை. ஊர்ப்பக்கத்தில், ஊன்றிய இடக்கை அருகே, விளக்கெண்ணெய் படிந்து கல் மினுங்குகிறது. அந்தப் பக்கத்தைத்தான் இப்போது ஊரார் முன்பக்கம் என்கிறார்கள்.

நான் மறுபக்கம் போனேன். அங்கே, யாருக்காகவும் செதுக்காமல் நீ விட்டுவைத்த மலையின்மீது, என் தலையுயரம்வரை, காய்ந்த செஞ்சேறு அப்பியிருந்தது. துளைத்தடங்களின் விளிம்புகள் மழுங்கி வழவழத்திருந்தன. ஒரு தடத்தில் தடித்த கருமயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

"வருதும்மா" என்றார் மாதம்மா, பின்னால் வந்து நின்று. "காட்டுல இருந்து வரும். இந்தக் கல்லுல ஒடம்ப உரசிக்கினு கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் போயிடும். சில தடவை கதிரத் தின்னுட்டுப் போவும், சில தடவை சும்மா போவும்."

"விரட்டுவதில்லையா?" என்றேன்.

"வயலுக்கு வந்தா தட்டு அடிச்சி வெரட்டுவோம். கல்லுகிட்ட நின்னா ஒண்ணும் சொல்றதில்ல." சேற்றின்மேல் உள்ளங்கையை ஒற்றியெடுத்தார். "அவரு அந்தப் பக்கந்தான பாத்துக்கினு இருக்காரு. அவங்க ரெண்டு பேரு சமாச்சாரம் அது."

இத்தனை ஆண்டுகளாக மேடையேறி முழங்கியவளுக்கு அந்த இடத்தில் ஒரு சொல்லும் எழவில்லை. நீ பெருமைப்பட்டிருப்பாய்.

நாளைக்கு என்ன பேசுவதென்று இப்போது தெரிகிறது. பறவைத் தாத்தாவைச் சொல்வேன், சிமிட்டி அண்ணனை, சிலந்திப் பாட்டியை, கத்தரிப் பெரியப்பாவைச் சொல்வேன். உறவுமுறை வைத்தே சொல்வேன். அறிஞர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிறகு ஒரு வயலையும், ஆறிப்போகும் களியையும், கல்லின் இரு பக்கங்களையும் சொல்வேன். அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். விளக்கமாட்டேன்.

வழக்கம்போல என் முன்னால் நிறைய முகங்கள் இருக்கும். வலக்கையில் உன் கல், பள்ளத்தில் கட்டைவிரல். ஒலிவாங்கியின் முன் நின்றதும் என் வலக்குதிகால் தூக்கிக்கொள்ளும். இத்தனை காலமாகியும் அந்த நடுக்கம் போகவில்லை. அப்போது நான் குதிகாலைத் தரையில் அழுத்துவேன். மேடைக்குப் பின்னே, ஒருவரும் நிற்காத அந்த இடத்தில், ஓர் அட்டைத் தாளோடு நீ நிற்கிறாய் என்ற நினைவோடுதான் முதற்சொல்லைத் தொடங்குவேன்.

திரும்பிப் பார்க்கமாட்டேன். நீ பார்த்துக்கொள்வாய்.